கட்டில் யார் பெயரில்? புதுமணத் தம்பதியரின் படுக்கையறைத் தளவாடங்கள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் மும்பை மாட்டுங்காவில், மணமாகி ஆறு வாரமே ஆகியிருந்த ஓர் இணையரின் வாடகைக் குடியிருப்புக்குப் புதிய கட்டிலும் அலமாரியும் வந்திறங்கின. மின்தூக்கி இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடம் அது. கட்டிலின் தலைப்பலகை இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஹமால்கள் நால்வர் அரை மணி நேரம் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தனர். அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த திருப்புளியால் மரையாணிகளைக் கழற்றிய பின்னரே பலகை மேலேறியது. உதவிக்குச் சென்றிருந்த என் ஒரு கையில் தலையணைகளும் மறு கையில் கடையின் ரசீதும் இருந்தன. விலையில் இருவரும் சரிபாதி செலுத்தியிருந்தனர். ரசீதில் கணவரின் பெயர் மட்டுமே இருந்தது. எவரும் அவ்வாறு கேட்கவில்லை. எழுதியவர் தாமாகவே எழுதியிருந்தார்.

மாலையில் தேநீர் அருந்துகையில், ஆய்வு மாணவியான மணமகள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இந்தக் கட்டில் யாரோடது?" கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. இந்தியக் குடும்ப வரலாற்றில் மிக நெடுங்காலமாக விடை முழுமை பெறாமல் நிற்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. அதன் தடத்தை இங்கே சுருக்கமாகப் பின்தொடர முயல்கிறேன்.

1. முதலில் தரை

புதுமணத் தம்பதியர் என்றவுடன் அலங்கரித்த கட்டில் நம் நினைவுக்கு வருகிறது. வடமொழிச் சடங்கு நூல்கள் காட்டும் முதல் படுக்கையோ வெறும் தரை. ஆசுவலாயனர், பாரஸ்கரர் முதலியோரின் கிருஹ்ய சூத்திரங்கள், மணவினைக்குப் பின் மூன்று இரவுகளேனும் மணமக்கள் தரையில் படுத்து நோன்பு காக்க வேண்டும் என விதிக்கின்றன. இன்றும் வங்காளத்தில், மணமகள் புகுந்த வீடு வந்த முதல் இரவு 'காலராத்திரி' எனப்படுகிறது. அன்று இருவரும் ஒருவரை ஒருவர் காண்பதில்லை. அடுத்த நாளே 'ஃபூல்சொஜ்ஜா' என்னும் மலர்ப்படுக்கை. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டென நான் கூற வரவில்லை. கட்டில் திருமணத்தின் தொடக்கமாக அன்றி, ஒரு காத்திருப்பின் முடிவாகக் கருதப்பட்டது என்பதே இங்கு முக்கியம்.

ஆய்வு மாணவர்கள் சுவைக்கத்தக்க ஒரு சான்று பாணினியிடம் உண்டு. அஷ்டாத்தியாயியின் 2.1.26ஆம் சூத்திரம், 'கட்வா' என்னும் கட்டிலைக் குறிக்கும் சொல் இழிவுப் பொருளில் தொகையாவதைப் பேசுகிறது. அதற்கு எடுத்துக்காட்டு 'கட்வாரூடன்', அதாவது கட்டிலேறியவன். பதஞ்சலியின் மகாபாஷ்யம் இதனை விளக்குகிறது. கற்றல் முடித்து, நீராடி, ஆசிரியரிடம் விடைபெற்ற பின்னரே ஒருவன் கட்டிலேறலாம். அதற்கு முன்னரே ஏறிவிட்டவன் பழிக்குரியவன். படிப்பை இடையில் விட்டு மணம் புரிந்தோருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வசைச்சொல் இருந்திருக்கிறது! நகைச்சுவை ஒருபுறம் இருக்க, இதில் ஒரு செய்தியும் உண்டு. மாணவனுக்குத் தரை, இல்லறத்தானுக்குக் கட்டில். ஒருவன் வாழ்வின் எந்த நிலையில் நிற்கிறான் என்பதை அவன் படுக்கை அறிவித்தது.

2. கட்டில் என்னும் தகுதி

நிலையை அறிவித்த கட்டில் தகுதியையும் அளந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் படுக்கைக்கும் இருக்கைக்கும் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அரசனின் கட்டில் 100 அங்குலம், இளவரசனுக்கு 90, அமைச்சருக்கு 84, படைத்தலைவருக்கு 78, புரோகிதருக்கு 72 என அவர் வகுக்கிறார். எந்த மரம் நல்லது, எது தீயது என்பதும் அங்கே உண்டு. இடி விழுந்த மரமும், இடுகாட்டில் வளர்ந்த மரமும் விலக்கத்தக்கவை. பௌத்தர்கள் நோன்பு நாட்களில் ஏற்கும் எட்டு ஒழுக்கங்களுள் உயர்ந்த, பெரிய படுக்கையைத் தவிர்த்தல் ஒன்று. தமிழில் அரியணையை 'அரசுகட்டில்' என்றே வழங்கினோம். இவை அனைத்தும் ஒரே கருத்தைச் சுட்டுகின்றன. கட்டிலின் அளவும் உயரமும் அதில் அமர்பவரின் அதிகாரத்தைச் சொல்லின.

அந்த அதிகாரம் பெரும்பாலும் ஆணுடையது. வாத்ஸ்யாயனர் வருணிக்கும் நகரவாசியின் வீட்டில், மென்மையான மெத்தையும் இருபுறத் தலையணைகளும் வெண்விரிப்பும் கொண்ட கட்டில் வெளிப்புற அறையில் கிடக்கிறது. அது அவனுடைய அறை. உட்புறப் பகுதி பெண்களுக்குரியது. கணவனும் மனைவியும் இணைந்து உரிமை கொண்டாடும் ஓர் அறை என்னும் கருத்தை அந்த வருணனையில் காண இயலவில்லை.

எளியோரின் கட்டில் வேறு வகையானது. பதினான்காம் நூற்றாண்டில் தில்லியில் வாழ்ந்த இபின் பதூதா, இந்தியக் கட்டில்களின் எளிமையைக் கண்டு வியந்து எழுதினார். கூம்பு வடிவக் கால்கள் நான்கு, குறுக்குச் சட்டங்கள் நான்கு, இடையே பட்டு அல்லது பருத்திக் கயிற்றுப் பின்னல். ஒருவரே தூக்கிச் செல்லலாம். பயணம் போவோர் தம் கட்டிலையும் உடன் எடுத்துச் சென்றனர். அதைச் சுமந்தது பணியாளின் தலை என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. வட இந்தியாவின் 'சார்பாய்', அதாவது நாற்கால், இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கிறது. பகலில் சுவரில் சாய்த்தும், கோடையில் முற்றத்துக்கு எடுத்தும் செல்லப்படும் அக்கட்டிலுக்கென ஓர் அறை தேவைப்படவில்லை. ஹமால்கள் நால்வர் சுமந்த மாட்டுங்காக் கட்டிலுக்கும் இதற்கும் இடையிலுள்ள தொலைவு எடையால் மட்டும் ஆனதன்று. தனக்கென ஓர் அறையைக் கோரும் கட்டில் புதியது.

3. மணமகளுடன் வந்த பொருள்கள்

அந்தக் கட்டில் புது வீட்டுக்குள் எவ்வழியாக வந்தது? பல பகுதிகளில், மணமகளோடுதான்.

இந்தியில் வரதட்சணையைக் குறிக்கும் 'தஹேஜ்' என்னும் சொல், உருதுவின் 'ஜஹேஸ்' வழியாக அரபியிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் ஆயத்தப் பொருள்கள், கருவிகள் என்பதே. தமிழில் 'தளவாடம்' என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். புதுக்குடித்தனத்துக்குத் தேவையான பொருள்களைச் சுட்டிய சொல், நாளடைவில் மணமகன் வீட்டாரின் கோரிக்கைப் பட்டியலுக்கும் பெயராயிற்று. சொல்லின் இந்தச் சரிவிலேயே ஒரு சமூக வரலாறு அடங்கியிருக்கிறது.

சௌராஷ்டிரத்திலும் கச்சிலும் 'மஜூஸ்', 'பட்டாரோ' எனப்படும் மரப்பெட்டிகள் மணமகளுடன் சென்றன. பித்தளைத் தகடும் குமிழும் அறைந்த அப்பெட்டிகள் பலவற்றில் சக்கரங்கள் உண்டு. அவ்வளவு கனம். வடோதராவுக்குத் தென்கிழக்கே உள்ள சங்கேடாவில், தேக்கு மரத்தைக் கடைந்து அரக்கும் வெள்ளீயமும் பூசி, தாழை மடலால் மெருகேற்றிச் செய்யப்படும் ஊஞ்சல்களும் தொட்டில்களும் இருக்கைகளும் குஜராத்தித் திருமணங்களின் அடையாளமாயின. பஞ்சாபில் மெத்தைகளும் ரஜாய்களும் அடுக்கிய பெரிய தகரப் பெட்டி. வங்காளத்தில் கட்டிலும் படுக்கையும் அடங்கிய 'தான சாமக்ரி'. ஊர்தோறும் பொருள் மாறினாலும் அவற்றைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அண்டை அயலார் வந்து பார்த்தனர். அதனால் எந்தப் பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை ஊர் அறிந்திருந்தது. எழுத்து ஆவணம் இல்லாத இடத்தில் ஊரின் கண்ணே ஆவணம்.

இப்பொருள்கள் பெண்ணின் பாதுகாப்பா, அவள் மீதான சுமையா என்பது ஆய்வாளரிடையே நெடிய விவாதம். வீணா தல்வார் ஓல்டன்பர்க், பஞ்சாபை முன்வைத்து எழுதிய தம் 2002ஆம் ஆண்டு நூலில், பெண்களின் காப்பாக இருந்த ஒரு வழக்கம், காலனிய நிலவரி ஏற்பாடுகள் நிலத்தை ஆணின் தனியுடைமையாக்கிய பின் உருத்திரிந்தது என வாதிடுகிறார். மரபான ஸ்திரீதனத்தையும் இக்கால வரதட்சணையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது எம். என். சீனிவாஸின் நிலைப்பாடு. என் நோக்கில், இவ்விவாதத்தில் நகையும் ரொக்கமும் நிலமும் பெற்ற கவனத்தைக் கட்டிலும் அலமாரியும் பெறவில்லை. நகை பெண்ணின் உடலோடு ஒட்டியது, ஆகவே அவளுடையது என்று சொல்வது எளிது. கட்டிலோ இருவர் படுப்பது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

4. அலமாரியும் சாவியும்

கட்டிலுக்கு அடுத்துப் படுக்கையறையை நிறைத்தது அலமாரி. இச்சொல் போர்த்துகீசிய 'அர்மாரியு' என்பதிலிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். 'சாவி'யும் அவர்களுடையதே. இந்தி, மராத்தி, வங்காளி ஆகியவற்றிலும் இவ்விரு சொற்களும் சிறு மாற்றங்களுடன் வழங்குகின்றன. பூட்டக்கூடிய, நின்ற நிலையிலான பெட்டியும் அதன் திறவுகோலும் ஒரே கப்பலில் வந்தன போலும்!

ஆனால் அலமாரி நடுத்தர வர்க்க மணவாழ்வின் சின்னமானது இருபதாம் நூற்றாண்டில்தான். சட்டத் தொழிலைக் கைவிட்ட ஆர்தேஷிர் கோத்ரெஜ், 1897இல் பம்பாயில் பூட்டுகள் செய்யத் தொடங்கினார். பின்னர் காப்புப் பெட்டகங்கள் வந்தன. 1923இல் அந்நிறுவனம் இரும்பு அலமாரிகளைச் செய்யலாயிற்று. கரையானும் கடலோர ஈரமும் மரத்தை அரிக்கும் நாட்டில் இரும்பு அலமாரிக்கு இருந்த வரவேற்பில் வியப்பில்லை. காலப்போக்கில் வட இந்தியாவிலும் மேற்கிலும் 'கோத்ரெஜ்' என்றாலே இரும்பு அலமாரி என்றாயிற்று. நாம் பிரெஞ்சு வழிவந்த 'பீரோ' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டோம்.

இரும்பு அலமாரியின் உள்ளே ஒரு சிறு பெட்டகம், அதற்குத் தனிச் சாவி. கூட்டுக் குடும்பத்தில் தனக்கென ஒரு மூலைகூட இல்லாத மருமகளுக்கு, பூட்டிவைக்கக்கூடிய ஓரிரு கன அடி அளவே ஆன அவ்விடம் முதல் தனியிடமாக அமைந்திருக்கக் கூடும். வங்கத்தில் மாமியார் சாவிக்கொத்தை மருமகளிடம் ஒப்படைப்பது ஓர் அதிகார மாற்றமாகவே கருதப்பட்டது. சாவி யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வியும், அலமாரி யாருடையது என்னும் கேள்வியும் வேறுவேறு. நம் பாட்டிமார் பலர் முதலாவதில் வென்றனர். இரண்டாவது கேள்வி எழுப்பப்படவே இல்லை.

5. அறை

பொருள்கள் வந்தன. அவற்றை வைக்க அறை வேண்டுமே? பெருநகரத்தில் அது இலேசில் கிட்டவில்லை. மாட்டுங்காவின் கதை இங்கே உதவுகிறது.

1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. அதன் தாதர்–மாட்டுங்கா விரிவாக்கத்தில், தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தினர் பெருமளவில் குடியேறினர். கழிப்பறை, குளியலறை ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு என்னும் வடிவம் அங்கே எவ்வாறு வேரூன்றியது என்பதை நிகில் ராவ் 2013இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1937இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் பம்பாய் நகர மண்டபத்தில் 'இலட்சிய இல்லம்' கண்காட்சியை நடத்தியது. கட்டில், அலமாரி, ஒப்பனை மேசை என அறைக்கேற்பப் பொருந்தும் தளவாடத் தொகுதி என்னும் எண்ணம், இத்தகைய காட்சிகள் வழியாகவே நடுத்தர வர்க்கத்தின் ஆசையாக மாறியது.

அதே நகரத்தின் மறுபக்கம் சால் குடியிருப்புகள். 1920களில் பம்பாய் வளர்ச்சி இயக்ககம் வர்லி, நைகாவ், டிலைல் சாலை, சிவ்டி ஆகிய இடங்களில் 207 சால்களைக் கட்டியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏறத்தாழ 160 சதுர அடி கொண்ட ஓர் அறை, கழிப்பறை பொது. அங்கே ஒரு மகனுக்கு மணமானால் மற்றவர்கள் நடைகூடத்தில் படுப்பார்கள், அல்லது புதுமணமக்களுக்கு அடுப்படி ஒதுக்கப்படும். பாசு சாட்டர்ஜியின் 'பியா கா கர்' (1972) இந்த நெருக்கடியையே கதையாக்கியது. மராத்தியில் வந்த 'மும்பைச்சா ஜாவாய்' படத்தின் மறுவடிவம் அது. விசாலமான கிராமத்து வீட்டிலிருந்து வரும் மணமகளுக்குச் சால் வீட்டில் தனிமை என்பதே இல்லை. படம் சிரிப்பூட்டுகிறது. ஆனால் அச்சிரிப்பின் அடியில் இருப்பது ஒரு வீட்டுவசதிக் கொள்கைச் சிக்கல்.

இதனை அரசும் ஒப்புக்கொண்டது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் படிவம், ஒரு குடும்பத்தில் எத்தனை அறைகள் உள்ளன என்பதோடு, எத்தனை மணமான இணையர் உள்ளனர் என்றும் கேட்கிறது. அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, 2012இல் நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி என மதிப்பிட்டது. அவற்றுள் 1.499 கோடி, அதாவது ஏறத்தாழ 80 விழுக்காடு, வீடே இல்லாமையால் எழுந்ததன்று, நெருக்கடியால் எழுந்தது. மணமான இணையருக்குத் தனியறை இல்லாமை அந்நெருக்கடியின் அளவுகோல். புதுமணத் தம்பதியருக்கு ஓர் அறை என்பது ஆடம்பரமன்று, அரசு கணக்கிடும் ஓர் அடிப்படைத் தேவை. அப்பெருங்கணக்கை மனத்தில் கொண்டு பார்த்தால், படியில் சிக்கிய கட்டிலைப் பற்றி நாம் அலுத்துக்கொள்வதே ஒரு பேறு என்பது விளங்கும்.

6. யாருடையது?

இனி மணமகளின் கேள்விக்கு வருவோம்.

தரும சாத்திரங்கள் பெண்ணின் உடைமையை ஸ்திரீதனம் என வகுத்தன. மனு அதனை ஆறு வகையாக எண்ணுகிறார். பிறந்த வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்படுகையில் கிடைப்பதும் அவற்றுள் ஒன்று. காத்யாயனரோ 'சுல்கம்' என்னும் வகையை விளக்குகையில், வீட்டுத் தட்டுமுட்டுகள், பொதி சுமக்கும் விலங்குகள், கறவை மாடுகள், அணிகலன்கள் முதலியவற்றின் விலையாகப் பெறப்படுவதைக் குறிப்பிடுகிறார். வீட்டுத் தளவாடங்கள் பெண்ணின் உடைமைக் கணக்கில் இடம்பெறுவது அவ்வளவு பழமையானது.

நவீனச் சட்டம் இங்கே தயங்கியது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 27ஆம் பிரிவில், திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரிமையாகக் கூடிய பொருள்கள் பற்றி மணவழக்கின் தீர்ப்பிலேயே நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்றது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1982இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வினோத் குமார் சேத்தி வழக்கில், மணப்பொருள்களை மூன்றாகப் பகுத்தது. பெண்ணின் தனிப் பயனுக்கான நகை, ஆடை போன்றவை முதல் வகை. இல்லத்தில் இருவரும் பொதுவாகப் பயன்படுத்துபவை இரண்டாம் வகை. கணவனுக்கும் அவன் பெற்றோருக்கும் தந்தவை மூன்றாம் வகை. கட்டிலும் அலமாரியும் எங்கே விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், மணவீட்டுக்குள் வந்த பொருள்கள் இருவரின் கூட்டு அனுபவத்தில் இருப்பதால், தனி உடன்படிக்கை இல்லாதவரை, அவற்றைத் திருப்பித் தராமை நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகாது என்றும் அது கருதியது.

1985இல் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் இந்நிலையை மறுத்தது. ஸ்திரீதனம் பெண்ணின் முழு உடைமை, கணவன் வீட்டு வாசலைக் கடந்ததால் மட்டும் அது கூட்டுடைமை ஆகிவிடாது, கணவன் அதன் காப்பாளன் மட்டுமே, திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடி. அதே ஆண்டு, பரிசுப் பட்டியல் பராமரிப்பு விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மணமகளுக்குக் கிடைத்தவற்றின் பட்டியலை மணமகளும், மணமகனுக்குக் கிடைத்தவற்றை மணமகனும் வைத்திருக்க வேண்டும். பொருளின் சுருக்க விவரம், தோராய மதிப்பு, தந்தவர் பெயர், உறவு, இருவரின் கையொப்பம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஊரின் கண் ஆற்றிய பணியைச் சட்டம் ஒரு தாளிடம் ஒப்படைத்தது. முஸ்லிம் பெண்களைப் பொறுத்தவரை, 1986ஆம் ஆண்டுச் சட்டம், மணத்தின்போதும் முன்பும் பின்பும் உறவினர், நண்பர், கணவர் தந்த பொருள்கள் அனைத்தும் மணமுறிவின்போது அவளுக்கே உரியவை என்றது.

ஆனால் கவனியுங்கள். இச்சட்டங்கள் யாவும் பிறர் தந்த பொருள்களைப் பற்றியவை. பெற்றோரிடம் ஒன்றும் வாங்கமாட்டோம், எங்கள் ஊதியத்தில் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று சொல்லும் தலைமுறைக்கு, அதாவது வரதட்சணையை மறுத்த அந்த நேர்மையான தலைமுறைக்கு, இவற்றில் தெளிவான விடை இல்லை. இந்தியாவின் பெரும்பகுதியில் தம்பதியரின் சொத்தைப் பொதுவெனக் கொள்ளும் ஏற்பாடு கிடையாது. வாங்கியவர் யார், பணம் செலுத்தியதற்குச் சான்று எது என்பதையே சட்டம் பார்க்கும். பெண்ணின் ஊதியம் மளிகைக்கும் வாடகைக்கும் கரைந்து, ஆணின் ஊதியம் நிலைத்த பொருள்களாக மாறும் வீடுகளில், பத்தாண்டுகளுக்குப் பின் சான்றுகள் யாருக்கு ஆதரவாக இருக்கும்? மணமுறிவின்போது கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்களிக்க வகைசெய்த ஒரு சட்ட வரைவு 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கலைந்ததும் அது காலாவதியாயிற்று.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது கோவா. 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசியச் சிவில் சட்டம் அங்கே இன்றும் நடைமுறையில் உள்ளது. மணத்துக்கு முன் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், தம்பதியரின் உடைமைகள் பொதுவாக இருவருக்கும் சரிபாதி. நிர்வாகத்தை அச்சட்டம் கணவனிடமே ஒப்படைத்தது என்பதால் அதனை ஒரு பொற்காலமாகப் போற்ற இயலாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். போர்த்துகீசியரிடமிருந்து அலமாரி என்னும் சொல்லையும் சாவி என்னும் சொல்லையும் நாடே எடுத்துக்கொண்டது. அலமாரியில் பாதி மனைவியுடையது என்னும் விதி மட்டும் கோவாவின் எல்லையைத் தாண்டவில்லை.

7. ஒரு தாள்

இது பிரிவை எதிர்பார்த்து எழுதும் பதிவன்று. அன்பிருக்கும் வீட்டில் ரசீதைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். அன்பிருக்கும்போதே பேச இயலாத ஒன்றை அன்பு குறைந்த பின் எப்படிப் பேசுவது? கட்டில் அரசனின் தகுதியையும், மாணவனின் நிலையையும், பெண் வீட்டாரின் பெருமையையும் காலந்தோறும் அறிவித்து வந்திருக்கிறது. இருவரின் சமத்துவத்தை அது இன்னும் அறிவிக்கவில்லை.

அந்த இணையர் மறுநாள் கடைக்குச் சென்று இரு பெயர்களில் ரசீது கேட்டனர். கணினியில் ஒரு பெயருக்கே இடம் உண்டு என்று பதில் வந்தது. வீடு திரும்பி, 1985ஆம் ஆண்டு விதிகளின் அமைப்பையே பின்பற்றி, தாங்களே ஒரு பட்டியல் எழுதினர். கட்டில், மெத்தை, அலமாரி, மதிப்பு. தந்தவர் என்னும் இடத்தில் இருவரின் பெயரும். உறவு என்னும் இடத்தில் என்ன எழுதுவது எனச் சற்று யோசித்து, அதை வெற்றாகவே விட்டனர். அத்தாள் நீதிமன்றத்தில் எவ்வளவு எடை பெறும் என்பது வேறு கேள்வி. இருவரும் கையொப்பமிட்டு அதை அலமாரிக்குள் வைத்தனர். சாவிகள் இரண்டு, ஆளுக்கொன்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, வீட்டில் உள்ள மிகப் பழைய கட்டிலையோ பீரோவையோ காட்டி, அது யாருடன் வந்தது, யார் சுமந்து வந்தார், சாவி யாரிடம் இருந்தது என்று மூத்த பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஆவணக்காப்பகங்களில் நிலத்துக்குப் பட்டா உண்டு, நகைக்கு அடகுச்சீட்டு உண்டு. கட்டிலுக்கு அவர்களின் நினைவு மட்டுமே உண்டு.